பழைய வீட்டுச் சாமானில் புது வீடு: ராயபுரத்திலிருந்து வந்த கேள்விக்கு என் பதில்

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். ராயபுரத்தில், கடலுக்கு ரொம்பத் தள்ளி இல்லாத ஒரு தெருவில், உங்கள் தாத்தா காலத்து மெட்ராஸ் டெரஸ் வீடு, அதாவது மரச்சட்டத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்டுத் தளம் எழுப்பிய வீடு, இருக்கிறது. அதை இடித்துவிட்டுக் கீழே ஒன்று, மேலே ஒன்று என்று கட்டப் போகிறீர்கள். பழைய தேக்குச் சட்டம், செங்கல் எல்லாவற்றையும் திரும்பப் பயன்படுத்தலாமா, வெளியிலிருந்து ஃப்ளை ஆஷ் கல் (அனல்மின் நிலையச் சாம்பலில் செய்தது), இடிபாட்டு ஜல்லி, பேலட் கட்டை (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) மாதிரி மறுசுழற்சிப் பொருள்களை வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். மேஸ்திரி "பழசு எதுவும் வேண்டாம் சார், பின்னாடி பேர் எனக்குத்தான் கெடும்" என்கிறார். உள் அலங்காரம் செய்து தருகிற பெண் எல்லாவற்றையுமே பழசில் செய்யலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது என்பது உங்கள் கவலை. அதற்கு அடியில் இன்னும் இரண்டு கவலைகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. காசு மிச்சமாகுமா, பிள்ளைகள் காலம் வரைக்கும் நிற்குமா.

நான் வண்ணாரப்பேட்டைக்காரன். சிவில் டிப்ளமோ முடித்த நாளிலிருந்து தண்டையார்பேட்டை, காசிமேடு, திருவொற்றியூர் பக்கமே வீடு கட்டுவதும் பழைய வீடுகளைப் பழுது பார்ப்பதுமாக இருக்கிறேன். டிசைன் போடுகிற ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் இல்லை, சைட்டில் நிற்கிற ஆள். அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

கம்பி இருக்கிற இடத்தில் பழைய செங்கல் ஜல்லி, இடிபாட்டு ஜல்லி, நிமிர்த்திய பழைய கம்பி எதுவும் வேண்டாம். கம்பி இல்லாத இடத்தில் தாராளமாகப் போடலாம், உப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு. இதுதான் என் பதில். அதாவது ஒரு பொருள் நல்லதா கெட்டதா என்பதை விட, அது வீட்டின் எந்த இடத்தில் உட்காரப் போகிறது என்பதுதான் நம் பக்கத்தில் முக்கியம். கடலுக்குத் தள்ளி அண்ணா நகரில் கட்டுகிறவருக்கு இவ்வளவு கறாராகச் சொல்ல மாட்டேன்.

முதலில் மேஸ்திரி சரியாகச் சொன்ன இடம். தூண், பீம், தளம், அஸ்திவாரம் நான்குக்கும் புது கருங்கல் ஜல்லிதான். இடித்த கான்கிரீட்டை உடைத்துச் சலித்தெடுத்த ஜல்லியை ஆர்.சி.சி.யில், அதாவது கம்பி கட்டிய கான்கிரீட்டில், போட விதியிலேயே இடமிருக்கிறது என்று உங்களிடம் யாராவது சொல்லலாம். அது பொய் இல்லை. 2016-ல் திருத்திய ஐ.எஸ். 383 என்ற இந்தியத் தர விதி, சாதாரண கான்கிரீட்டில் 25 சதவீதம் வரையும், கம்பி கட்டிய கான்கிரீட்டில் 20 சதவீதம் வரையும் அப்படிப்பட்ட ஜல்லியைக் கலக்க விடுகிறது. ஆனால் கம்பி கட்டியதில் எம் 25 தரம் வரைக்கும்தான் (எம் என்பது கான்கிரீட்டின் பலத்தைக் காட்டுகிற குறி, எண் கூடினால் பலம் கூடும்). இன்னொரு பக்கம் ஐ.எஸ். 456, கடற்கரைச் சூழலில் வெளிக்காற்று படுகிற கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம் 30 வேண்டும் என்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். உங்கள் தெருவில் வெளியே தெரிகிற தூணுக்கும் சன்ஷேடுக்கும் மொட்டைமாடித் தளத்துக்கும் அந்த ஜல்லிக்கு வழியே இல்லை. வீட்டுக்குள் இருக்கிற பீமுக்கு எம் 25 போதும், அங்கே போடலாமே என்று வாதம் செய்யலாம். ஒரே சைட்டில் இரண்டு ஜல்லிக் குவியலை வைத்துக்கொண்டு, சித்தாள் எந்தக் குவியலிலிருந்து அள்ளுகிறார் என்று நாள் முழுக்க யார் காவல் இருப்பது? விட்டுவிடுங்கள்.

காரணம் உப்பு. கம்பியைச் சுற்றி கான்கிரீட்டின் காரத்தன்மை இருக்கும் வரை துரு பிடிக்காது. கடல் காற்றில் வருகிற குளோரைடு மெல்ல உள்ளே இறங்கிக் கம்பியைத் தொட்டுவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். துரு பிடித்த கம்பி பருத்துக் கான்கிரீட்டை உள்ளிருந்தே தள்ளும். காசிமேட்டில் எந்தப் பழைய மாடி வீட்டுச் சன்ஷேடின் அடியை அண்ணாந்து பார்த்தாலும் இது தெரியும். பழைய ஜல்லியில் ஒட்டியிருக்கிற காரைக்கு நுண்துளை அதிகம், தண்ணீரை அதிகம் உறிஞ்சும். அது ஏற்கெனவே எந்தக் கடற்கரை வீட்டில் இருந்தது என்பதும் யாருக்கும் தெரியாது. இதே காரணத்துக்காகத்தான் பழைய வீட்டில் கிடைக்கிற கம்பியை நிமிர்த்திக் கட்டுவதும் வேண்டாம் என்கிறேன். எடைக்குப் போடுங்கள்.

இதே கணக்கில் தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மறுசுழற்சியோடு சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் போக முடியவில்லை. நம் பக்கத்து போர் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பு. மீஞ்சூர் வரைக்கும் நிலத்தடியில் கடல்நீர் ஏறியது பழைய கதை. கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. ஒரு பாட்டில் தண்ணீரை லேபில் கொடுத்துப் பார்க்க அதிகச் செலவாகாது. மீறி இருந்தால் கலப்பதற்கும், போட்ட கான்கிரீட்டை ஈரமாக வைக்கிற க்யூரிங்குக்கும் டேங்கர் தண்ணீர்தான்.

சரி, கான்கிரீட்டில் மறுசுழற்சிக்கு இடமே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. நீங்கள் தேடிப் போகாமலேயே அது வந்து சேர்ந்துவிடுகிறது. கடையில் பி.பி.சி. என்று கொடுக்கிற சிமெண்டில் 15 முதல் 35 சதவீதம் அனல்மின் நிலையச் சாம்பல்தான். பி.எஸ்.சி. என்று கேட்டு வாங்கினால் இரும்பு ஆலையின் கசடு அதைவிட அதிகமாக இருக்கும். இரண்டுமே நன்றாக ஆறினால் கான்கிரீட்டை நெருக்கமாக்கி உப்பு இறங்குவதைக் குறைக்கும். நம் பகுதிக்கு எதுவும் கலக்காத வெறும் ஓ.பி.சி. சிமெண்டை விட இதுதான் பொருத்தம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரே நிபந்தனை, இவை மெதுவாக இறுகுபவை. குறைந்தது 10 நாள், முடிந்தால் 14 நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏழாம் நாள் சாக்கை எடுத்துவிடுகிற மேஸ்திரியிடம் பி.எஸ்.சி.யைக் கொடுத்துப் பயனில்லை. கம்பியும் அப்படித்தான். கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ஆலைகளில் பழைய இரும்பை உருக்கித்தான் நிறைய டி.எம்.டி. கம்பி வருகிறது. உருக்கி, தரம் பார்த்து, ஐ.எஸ். 1786 முத்திரையோடு வருவது வேறு, கிழிந்த தகட்டையும் பழைய கம்பியையும் சூடாக்கி இழுத்து விற்பது வேறு. முத்திரையும் சோதனைச் சான்றும் இருந்தால் பழைய இரும்பில் செய்தது என்பது ஒரு குறையே இல்லை.

இனி உங்கள் பழைய வீடு. என் அனுபவத்தில் மறுசுழற்சியின் லாபம் முக்கால்வாசி இங்கேதான் போகிறது அல்லது வருகிறது. இடிப்பு கான்ட்ராக்டர் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மொத்தமாக ஒரு தொகை சொல்லி, "சாமான் எல்லாம் எங்களுக்கு, ரப்பிஷ் எல்லாம் நாங்களே அள்ளிடறோம்" என்பார். அவர் கண் போவது மேலே, உத்தரத்தின் மீது. பழைய தேக்கு கன அடிக் கணக்கில் விலை போகிற சரக்கு. நீங்கள் கட்டப் போகிற புது வீட்டுக்குத் தேவையான நிலை, கதவுச் சட்டம் பெரும்பாலும் அங்கேயே இருக்கலாம். அதனால் கான்ட்ராக்டரைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு நல்ல ஆசாரியைக் கூட்டிக்கொண்டு போய் சட்டங்களை எண்ணி, அகலம், கனம், நீளம் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பேரம் பேசும்போது மரம் எங்களுக்கு, மற்றது உங்களுக்கு என்று எழுத்தில் பிரித்துவிடுங்கள். மரத்தைக் கீழே தள்ளாமல் கயிறு கட்டி இறக்க வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். இல்லாவிட்டால் பாதிச் சட்டம் விழுந்து பிளந்துவிடும்.

மெட்ராஸ் டெரஸைப் பிரிப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறீர்களா? மேலே தட்டோடு, அதன் கீழே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்து இடித்த ஒரு கனமான பட்டை, அதற்கும் கீழே சட்டத்துக்குச் சட்டம் குறுக்குச் சாய்வாக நிமிர்த்தி வைத்த மெல்லிய செங்கல். கல்லை எடுத்ததும் சட்டம் முழுசாகத் தெரியும். நடுப்பகுதி புகை ஏறிக் கறுத்திருந்தாலும் உள்ளே தேன் நிறத்தில் இருக்கும். பிரச்சினை இரண்டு முனைகளிலும்தான். சுவருக்குள் புதைந்திருந்த ஒரு முழ நீளம் மழை ஈரத்தைக் குடித்துக் குடித்து இற்றுப் போயிருக்கும், சில சமயம் கரையான் உள்ளே கூடு கட்டியிருக்கும். ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து முனையில் அழுத்துங்கள். கால் அங்குலத்துக்கு மேல் சுலபமாக இறங்கினால் அந்த இடத்தை அறுத்துத் தள்ளிவிட வேண்டும். சுத்தியலால் தட்டினால் நல்ல மரம் கணீரென்று சொல்லும், உள்ளே பொத்தல் இருந்தால் மந்தமாகக் கேட்கும். முனைகளை வெட்டிய பிறகு மீதி எவ்வளவு தேறுகிறதோ அதுதான் உங்கள் இருப்பு. அதை எண்ணும் முன் எந்த விலைக்கும் சந்தோஷப்பட வேண்டாம்.

அந்த மரத்தின் அருமை அது காய்ந்த விதத்தில் இருக்கிறது. பல பத்தாண்டுகளாகக் காய்ந்து நின்ற தேக்கு இனி பெரிதாக முறுக்காது, சுருங்காது. இன்று வாங்குகிற பச்சைத் தேக்கில் நிலை செய்தால் ஆறு மாதத்தில் கதவு பிடிக்கும். ஆனால் பழைய மரத்தில் ஆணி மறைந்திருக்கும், அறுவை மில்லில் பட்டை பிளேடு போய்விடும் என்பதால் மில்காரர் வாங்கவே தயங்குவார். ஆசாரி முன்கூட்டியே காந்தத்தை ஓட்டி ஆணிகளைப் பிடுங்கிவைத்தால் அவர் மறுக்க மாட்டார். இன்னொன்று, திரும்ப அதே மரத்தைப் புது வீட்டில் தளத்தைத் தாங்குகிற உத்தரமாகப் போடலாமா என்றால், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் நேரில் பார்த்து ஒப்புக்கொள்ளாமல் வேண்டாம். நிலை, கதவு, படிக்கட்டுக் கைப்பிடி, ஊஞ்சல், அலமாரிச் சட்டம், இதற்கெல்லாம் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

பழைய கதவு ஜன்னலை அப்படியே வைத்துக்கொள்ள நினைத்தால் பெயிண்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய அடுக்குகளில், குறிப்பாகப் பழைய பச்சை, மஞ்சள், சிவப்பில், ஈயம் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ப்ளோ லேம்ப் வைத்துச் சுட்டு உரிப்பதும், காய்ந்தபடி எமரி ஷீட் போட்டுத் தேய்ப்பதும் அந்த ஈயத்தைப் புகையாகவும் தூசியாகவும் மூக்குக்குள் அனுப்பும். ரிமூவர் தடவி, ஈரத்தோடு சுரண்டி, சுரண்டியதைப் பையில் கட்டி ஒதுக்க வேண்டும். குழந்தைகள் இருக்கிற வீட்டில் இந்த வேலை நடக்கக் கூடாது.

அடுத்தது செங்கல். இங்கே உங்களுக்கு அதிர்ஷ்டம், ஏனென்றால் உங்கள் சுவர் சுண்ணாம்புக் காரையில் கட்டியது. சுண்ணாம்பில் கட்டிய கல் கொத்துக்கரண்டியால் ஒரு தட்டு தட்டினால் முழுசாகப் பிரிந்து வரும், ஒட்டிய காரையும் உதிர்ந்துவிடும். சிமெண்டில் கட்டியதைப் பிரித்தால் காரை நிற்கும், கல்தான் உடையும். அதனால் பின்னாளில் சிமெண்ட் போட்டு ஒட்டுச்சுவர் கட்டிய சமையலறைப் பக்கத்துக் கல்லை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். அதே போலத் தரையிலிருந்து மூன்றடி உயரம் வரைக்குமான கல்லையும் சேர்க்காதீர்கள். பழைய வீடுகளில் ஈரத்தடுப்பு இருக்காது. நிலத்து உப்பு தண்ணீரோடு சுவரில் ஏறி, தண்ணீர் காய, உப்பு கல்லிலேயே தங்கிவிடும். சுவரின் அடியில் பூச்சு பொரிந்து, வெள்ளையாகப் பஞ்சு மாதிரி பூத்திருக்கிறதே, அதுதான். அந்தக் கல்லைப் புதுச் சுவரில் வைத்தால் அடுத்த மழையிலேயே புதுப் பெயிண்டைத் தள்ளிக்கொண்டு அதே பூ வெளியே வரும்.

மேல் சுவர்க் கல்லையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். வெவ்வேறு சுவரிலிருந்து ஐந்தாறு கல் எடுங்கள். தட்டில் ஓர் அங்குலம் ஆழத்துக்கு நல்ல தண்ணீர் விட்டு, கல்லைச் செங்குத்தாக நிறுத்தி, நிழலில் தண்ணீர் முழுவதும் வற்றும்வரை விடுங்கள். திரும்ப ஒரு முறை தண்ணீர் விட்டு வற்ற விடுங்கள். போர் தண்ணீர் கூடாது, கேன் தண்ணீர் அல்லது பேட்டரிக் கடையில் கிடைக்கிற டிஸ்டில்டு வாட்டர். கல்லின் மேல் மெல்லிய வெள்ளைப் படலம் அங்கங்கே தெரிந்தால் பரவாயில்லை. பாதி முகத்துக்கு மேல் வெள்ளை பிடித்தாலோ, கையால் தேய்த்தால் பொடி உதிர்ந்தாலோ அந்தச் சுவர்க் கல் வேண்டாம். அப்புறம் எடை. நன்றாகக் காய்ந்த கல்லை எடை போட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டுத் திரும்ப எடை போடுங்கள். எடை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறினால் அது அதிகம் குடிக்கிற கல். தேறுகிற கல்லை உள்தடுப்புச் சுவருக்கும், பூசாமல் விடுகிற முகப்புக்கும் வைத்துக்கொள்ளுங்கள். தூணும் பீமும் எடுக்கப் போகிற பாரத்துக்கு நடுவில் இது வெறும் நிரப்புச் சுவர்தான், பலம் பற்றிப் பயப்பட ஒன்றும் இல்லை. பிளிந்த்துக்கு (வீட்டுத் தரை மட்டத்துக்கு) கீழே மட்டும் வைக்காதீர்கள்.

உடைந்த கல்லும் சுண்ணாம்புக் காரையும் மலை போலக் குவியும். நம் ஊரில் இதைத்தான் ரப்பிஷ் என்று லாரியில் ஏற்றி பக்கிங்காம் கால்வாய் ஓரத்திலோ ஏதாவது காலி மனையிலோ கொட்டிவிட்டுப் போகிறார்கள். அப்படிக் கொட்டுவது விதிமீறல் என்பது ஒரு பக்கம். உங்களுக்கே அது தேவைப்படும் என்பது இன்னொரு பக்கம். மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள், ஆகவே பேஸ்மெண்டை உயர்த்தத்தான் போகிறீர்கள். அதை நிரப்ப மண் வாங்குவதற்குப் பதில் இந்தக் காரையும் உடைகல்லும் போதும். அரை அடி அரை அடியாகப் போட்டு, தண்ணீர் விட்டு, திம்சு கட்டையால் இடித்து ஏற்ற வேண்டும். அதில் மரத்துண்டு இருக்கக் கூடாது, கரையானுக்கு நீங்களே சோறு வைத்த மாதிரி ஆகிவிடும். ஃபால்ஸ் சீலிங் ஜிப்சம், பிளாஸ்டிக் பை, ஷீட் துண்டு எதுவும் இருக்கக் கூடாது. உப்புப் பூத்த அடிச்சுவர்க் கல்லையும் இதில் சேர்க்காதீர்கள், பிளிந்த் பீமில் கம்பி இருக்கிறது. மிஞ்சுவதை மாநகராட்சியின் இடிபாட்டு ஆலைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். நமக்குப் பக்கத்தில் கொடுங்கையூரிலேயே ஒன்று இருக்கிறது. அங்கே உடைத்துச் சலித்து ஜல்லியும் மணலுமாகப் பிரிக்கிறார்கள். அப்படி வருகிற ஜல்லியைத் தரைக்கு அடியில் போடுகிற கம்பியில்லாத மட்டக் கான்கிரீட்டுக்கு முழுக்கவே பயன்படுத்தலாம், அதற்கு அதே ஐ.எஸ். 383-ல் இடம் இருக்கிறது.

இப்போது ஃப்ளை ஆஷ் கல். எண்ணூரில் பிறந்து வளர்ந்தவர்களிடம் இந்தக் கல்லைப் பற்றிப் பேசினால் முகம் சுளிப்பார்கள், அதில் நியாயம் இருக்கிறது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-ல் ஓடத் தொடங்கி 2017-ல் நின்றது. அத்திப்பட்டில் வடசென்னை நிலையம் இன்னும் ஓடுகிறது. சாம்பல் குழாய் கசிந்து கொசஸ்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் படிந்ததை அவர்கள் கண்ணால் பார்த்தவர்கள். அந்தச் சாம்பலைக் கல்லாக்கிச் சுவருக்குள் பூட்டிவைப்பது ஆற்றில் விடுவதை விட எவ்வளவோ மேல் என்பது என் கட்சி. ஆனால் எல்லாச் சாம்பலும் ஒரே தரம் இல்லை. புகைபோக்கிக்குப் போகும் வழியில் பிடிக்கிற உலர்ந்த மென்சாம்பல் சுண்ணாம்போடு நன்றாகச் சேர்ந்து இறுகும். தண்ணீரில் கரைத்துக் குளத்தில் விட்டு, பிறகு அள்ளுகிற சாம்பலில் அடிச்சாம்பலும் கலந்திருக்கும், இறுகும் குணம் குறைவு. அதை வைத்துச் செய்த கல் முனை உதிரும். வாங்கப் போகும் இடத்தில் எந்தச் சாம்பல் என்று கேளுங்கள். சொல்லத் தயங்கினால் அடுத்த சூளைக்குப் போங்கள். (சூளை என்பது பழக்கத்தில் வந்துவிட்டது, இந்தக் கல்லை யாரும் சுடுவதில்லை. அழுத்தித் தண்ணீரில் ஆற்றுவதுதான். மேல்மண்ணைத் தோண்டாமல், விறகோ கரியோ எரிக்காமல் கல் கிடைக்கிறது என்பதே இதன் முதல் நன்மை.)

இந்தக் கல்லின் மேல் வருகிற புகார் எல்லாம் சுவரில் விரிசல் என்பதுதான். கல்லைக் குறை சொல்வார்கள், பெரும்பாலும் அவசரம்தான் காரணம். மூன்று வாரமாவது ஆறாத கல் சுவரில் ஏறிய பிறகு சுருங்கும், சுருங்கினால் வெடிக்கும். லோடு வந்து இறங்கும்போது கல்லின் முனையைக் கட்டை விரலால் அழுத்துங்கள். மண் மாதிரி உதிர்ந்தால், அல்லது உடைத்துப் பார்க்கும்போது நடுவில் கருமையாக ஈரம் தெரிந்தால், திருப்பி அனுப்புங்கள். கட்டும்போது செங்கல்லைப் போல மணிக்கணக்கில் ஊறப்போடத் தேவையில்லை, மேலே தண்ணீர் தெளித்தால் போதும். ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல் என்ற கலவை போதும், சிமெண்டை அள்ளிப் போட்டால் விரிசல்தான் கூடும். தூணும் சுவரும் சேரும் கோட்டில் கோழி வலை அடித்துவிட்டுப் பூசச் சொல்லுங்கள். எங்கள் பக்கத்து மேஸ்திரிகள் இந்த ஒன்றைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள். கல் அளவு ஒழுங்காக இருப்பதால் பூச்சு மெல்லியதாக முடியும், காசு மிச்சமாவது அங்கேதான். சாம்பலில் கதிர்வீச்சு என்று வாட்ஸப்பில் வருவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நிலக்கரியில் இயற்கையாக மிகச் சிறிய அளவில் இருக்கிற கதிரியக்கத் தனிமங்கள் சாம்பலில் தங்குவது உண்மை. கிரானைட்டிலும் களிமண்ணிலும் அவை இருக்கின்றன. ஜன்னல் திறந்து காற்று போய் வருகிற வீட்டில் இதற்காக இந்தக் கல்லை ஒதுக்க வேண்டாம் என்பது என் கருத்து. கருத்து என்றுதான் சொல்கிறேன், இது என் துறை இல்லை.

உள் அலங்காரத்துக்கு வருகிறேன். பேலட் கட்டை நம் பகுதியில் மலிவு. துறைமுகமும் மணலி, மாதவரம் கிடங்குகளும் பக்கத்தில் இருப்பதால் இறக்குமதிச் சரக்கோடு வந்த பைன் கட்டை குவிந்து கிடக்கும். வாங்கும் முன் கட்டையின் பக்கவாட்டில் சூட்டு முத்திரையைப் பாருங்கள். ஒரு கோதுமைக் கதிர் படம், நாட்டின் இரண்டு எழுத்து, ஓர் எண், அதன் பக்கத்தில் ஆங்கிலத்தில் எச்.டி. அல்லது எம்.பி. என்று இருக்கும். எச்.டி. என்றால் மரத்தின் நடுப்பகுதி வரைக்கும் 56 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் வைத்தது, அதை எடுத்துக்கொள்ளலாம். எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு வாயு காட்டியது, வீட்டுக்குள் வேண்டாம். முத்திரையே இல்லாததும், எண்ணெய்க் கறையோ ரசாயன வாடையோ அடிப்பதும் வேண்டாம். எதைக் கொண்டு வந்து கொட்டியதோ யாருக்குத் தெரியும். எச்.டி. கட்டையும் அன்றைக்கு இருந்த பூச்சியைத்தான் கொன்றிருக்கிறது. நாளைக்கு வருகிற கரையானை அது தடுக்காது, பைன் கரையானுக்குப் பிடித்த மரம் வேறு. அதனால் கீழ்த்தளத்தில், சுவரோடு ஒட்டி, தரையைத் தொட்டபடி ஒரு துண்டும் வைக்காதீர்கள். மாடியில் அலமாரி, கட்டில் தலைப்பலகை மாதிரி வேலைக்கு நன்றாக இருக்கும்.

கன்டெய்னரை மாடியில் ஏற்றி ஓர் அறையாக வைக்கலாமா என்றும் ஓர் எண்ணம் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். மே மாத வெயிலில் அது இரும்புப் பெட்டி. உள்ளே தெர்மோ ஷீட், மேலே நிழல், தரையில் பூச்சி மருந்து ஊட்டிய பிளைவுட்டை மாற்றுவது, ஓட்டை போடும் இடமெல்லாம் துருவைத் தடுப்பது என்று போய்ச் சேர்ந்தால் சுவர் எழுப்பிய செலவே வந்துவிடும். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

நான் விரும்பிச் செய்யச் சொல்வது மொட்டைமாடியில் உடைந்த டைல்ஸ் பதிப்பது. டைல்ஸ் கடைகளில் ஓரம் உடைந்த வெள்ளை கிளேஸ்டு டைல்ஸ் பெட்டி பெட்டியாகக் கிடக்கும், அள்ளிக்கொண்டு போனால் போதும் என்பார்கள். உங்கள் பழைய வீட்டுச் செங்கல் ஜல்லியைச் சுண்ணாம்போடு சேர்த்து, தண்ணீர் ஓட்டத்துக்குச் சரிவு கொடுத்து இடித்துப் போட்ட தளத்தின் மேல், இந்தத் துண்டுகளை நெருக்கமாகப் பதித்து, இடைவெளியில் வெள்ளை சிமெண்ட் அடைத்துவிட்டால் வெயிலைத் திருப்பி அனுப்பும், மழைத் தண்ணீரும் நிற்காது. சுண்ணாம்பு ஜல்லியைக் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்துக் கட்டையால் அடித்து இறுக்கும் ஆட்கள் இப்போது குறைந்துவிட்டார்கள். கிடைத்தால் விடாதீர்கள். கிடைக்காவிட்டால் அரைகுறை ஆளை வைத்துச் செய்ய வேண்டாம், வழக்கமான வெதரிங் கோர்ஸ் (மழை வெயில் தாங்கும் மேல் அடுக்கு) போட்டு மேலே டைல்ஸ் துண்டு மட்டும் பதியுங்கள். வற்றல் காயப்போடும் வீடு என்றால் கூர்முனை மேலே துருத்தாமல் பதித்ததும் மட்டப்பலகையால் தட்டச் சொல்லுங்கள்.

பழைய பால், ஜூஸ் அட்டைப் பெட்டிகளை அழுத்திச் செய்த பலகை, மறுசுழற்சி பிளாஸ்டிக் பலகை என்று இப்போது நிறைய வருகிறது. தண்ணீர் படுகிற இடத்து அலமாரிக்கு அவை பிளைவுட்டை விட நன்றாகத் தாக்குப்பிடிக்கின்றன. நம் வெயிலில், உப்புக் காற்றில் பதினைந்து இருபது வருடம் நின்ற வீட்டை நான் இன்னும் பார்க்கவில்லை, ஆகவே அதைப் பற்றி உறுதி சொல்ல மாட்டேன். அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம் என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். பின்கட்டில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் அதைத் திரும்பப் பயன்படுத்தும் பேச்சே வேண்டாம். உடைக்காமல், அறுக்காமல், தண்ணீர் தெளித்து முழு ஷீட்டாக இறக்கிச் சுற்றிக் கட்டி, ஆபத்தான கழிவாக ஒதுக்க ஏற்பாடு செய்யுங்கள்.

காசு விஷயத்துக்கு நேராக வருகிறேன். மரத்தில் நிச்சயம் மிச்சமாகும், அதுதான் பெரிய தொகை. பேஸ்மெண்ட் நிரப்புவதிலும் மிச்சம்தான், மண் லோடும் ரப்பிஷ் லோடும் இரண்டுமே குறையும். பழைய செங்கல்லில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். பிரித்து, சுரண்டி, அடுக்குகிற ஆள் கூலியைக் கணக்குப் பார்த்தால் புதுக் கல்லின் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். அந்தக் கல்லின் நிறத்துக்காகவோ தாத்தாவுக்காகவோ வைத்துக்கொள்வதென்றால் அது வேறு கணக்கு. பேலட் வேலையில் மரம் மலிவு, ஆசாரி கூலி மலிவில்லை. மொத்தத்தில் வீட்டுச் செலவே பாதியாகக் குறையும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தூண், கம்பி, சிமெண்ட், பிளம்பிங், வயரிங் எதிலும் ஒரு ரூபாய் குறையப் போவதில்லை.

வீட்டைப் பார்க்காமல் நான் சொல்லக் கூடாதவையும் உண்டு. இடிக்கத்தான் வேண்டுமா என்பது அதில் முதலாவது. மெட்ராஸ் டெரஸின் மேல் ஒரு கான்கிரீட் மாடியை ஏற்றப் பழைய சுவர் பொதுவாக ஒத்துக்கொள்ளாது. ஆனால் முன்கட்டை மட்டும் பழுது பார்த்து வைத்துக்கொண்டு பின்கட்டில் கட்டுவது சில மனைகளில் சாத்தியம். அதை மண் சோதனையும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் நேரடிப் பார்வையும்தான் முடிவு செய்ய வேண்டும். ராயபுரத்தில் ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் மண் மாறுகிறது.

இடிப்பதென்றால் பொங்கல் முடிந்ததும் தொடங்குங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் முதல் தளம் போட்டுவிட நேரம் கிடைக்கும். இறக்கிய மரத்தை வெறும் மண்ணில் போடாமல், மூன்று வரிசைக் கல்லின் மேல், சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் மெல்லிய ரீப்பர் கட்டைத் துண்டு கொடுத்து அடுக்குங்கள். மேலே மட்டும் தார்ப்பாய், பக்கங்களைத் திறந்து விடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அடிக்கல்லில் கரையான் மண் ஏறுகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். அதற்கு முன், சுவரிலிருந்து உருவிய இரண்டு மூன்று சட்டத்தின் முனையைப் பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படமெடுத்துப் போடுங்கள். எவ்வளவு வெட்ட வேண்டியிருக்கும் என்று பார்த்துச் சொல்கிறேன்.